கிணற்றில் மிதந்த ஏடு: பொருநையோடு ஐந்து நாள்

முதல் நாள்: நாங்குநேரிப் பக்கம்

"ஏட்டி, நம்ம கெணத்துல பெட்ரோல் வந்திருக்கு. யார்ட்டயும் மூச்சு விடாத."

போன வாரம் மாமா போனில் சொன்னது இது. இன்றைக்குக் காலையில் நெல்லை எக்ஸ்பிரஸில் இறங்கி, பஸ் பிடித்து, ஊர் முக்கில் கால் வைத்ததும் டீக்கடை அண்ணாச்சி கேட்டார்: "கெணத்தப் பாக்க வந்தியளா?" மூச்சு விடாமல் இருந்தது நான் ஒருத்திதான் போலிருக்கிறது.

மாமா என்னைக் கூப்பிட்டதில் நியாயம் உண்டு. எண்ணெய்க் கிணறு தோண்டும்போது மேலே வரும் பாறைத் துகளைப் பொடித்து, ஆய்வுக்கூடத்து அடுப்பில் வறுத்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. இந்த லீவில் பாபநாசத்தில் தொடங்கி புன்னைக்காயல் வரை தாமிரபரணியின் கூடவே போவதாகத் திட்டம். அன்றன்றைக்கு எழுதிப் போடுவதாகவும் சிலரிடம் சொல்லி வைத்திருந்தேன். முதல் நாளை மாமாவின் கிணறு பிடுங்கிக்கொண்டது.

தோட்டத்துக் கிணறு நாலு மாதமாக இறைக்காமல் கிடக்கிறது. மோட்டார் காயில் போய்விட்டது. படியில் துரு நிறத்தில் கொழகொழவென்று ஏதோ படிந்திருக்க, தண்ணீர்மேல் பாலாடை மாதிரி ஒரு ஏடு. சாய்ந்த வெயிலில் நீலமும் செம்புமாய் மின்னியது. பெட்ரோல் பங்கில் மழைத்தண்ணீர் மேல் பார்ப்போமே, அச்சு அசல் அதே. மாமாவைக் குறை சொல்ல முடியாது.

ஒரு வேப்பங்குச்சியை ஒடித்து ஏட்டைக் குத்தினேன். அப்பளம் நொறுங்குவதுபோல் துண்டு துண்டாக உடைந்தது. உடைந்த துண்டுகள் கோணல்மாணலாக விலகிப் போய் அப்படியே நின்றன. எண்ணெயாக இருந்தால் குச்சியை எடுத்ததும் சுழித்துக்கொண்டு மறுபடி ஒட்டிக்கொள்ளும். இது இரும்பைத் தின்று பிழைக்கும் பாக்டீரியாவின் வேலை. ஊற்றுத் தண்ணீரில் கரைந்து வரும் இரும்பு, காற்றுப் படும் இடத்தில் துருவாக மாறும்போது கிடைக்கும் சக்தியில் அவை வாழ்கின்றன. படியில் இருந்த கொழகொழப்பும் அவற்றின் கைங்கரியமே.

மாமா நம்பவில்லை. "குச்சிய வச்சிக் குத்தினா ஆச்சா? இதுக்கா படிச்ச?"

சரி என்று இருட்டும்வரை காத்திருந்து, கள்ளநோட்டுப் பார்க்கிற புற ஊதா டார்ச்சை எடுத்தேன். கச்சா எண்ணெய் அந்த ஒளியில் ஒளிரும். எங்கள் தொழிலில் பாறைத் துகளில் எண்ணெய் வாடை இருக்கிறதா என்று பார்க்க இதுதான் முதல் சோதனை. பழைய ஆயில் எஞ்சினில் இருந்து ஒரு சொட்டு டீசலைத் தட்டில் விட்டு அடித்தேன்; லேசான நீலமாகச் சிரித்தது. கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் மொண்டு அடித்தேன், சவம்போல் கிடந்தது. அந்த வெளிச்சத்தில் ரொம்பப் பிரகாசமாக இருந்தது மாமாவின் வேட்டி. சோப்புத்தூளில் வெண்மைக்காகச் சேர்க்கிற சரக்கு அது.

"அப்ப ஆழத்துல இருக்கும். ரெண்டாயிரம் அடி போட்டா?"

கிணற்றுமேட்டில் தோண்டிப் போட்ட கல் ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தேன். உடைந்த பக்கம் கறுப்பும் நீலமுமாய், எண்ணெய் தடவின மாதிரி வழவழவென்று ஒரு மினுக்கம். சார்னோக்கைட். கல்கத்தாவை நிறுவினதாகச் சொல்லப்படும் ஜாப் சார்னோக்கின் கல்லறைக்குச் சென்னைப் பக்கத்திலிருந்து போன கல் இது. அதனால் அந்தப் பெயர். பார்க்க எண்ணெய்ப் பிசுக்கு, உள்ளே ஒரு சொட்டு கிடையாது. நம் சீமையின் அடித்தளம் முழுக்க இந்த ஜாதிப் பாறைதான். சுமார் 55 கோடி வருஷத்துக்கு முன்பு, பூமிக்குள் 20 கிலோமீட்டருக்கும் கீழே 800 டிகிரிக்கு மேல் வெந்து, பிறகு மேலே வந்தது. எண்ணெய்க்குத் தாங்குவது 150 டிகிரி வரைக்கும்தான்.

மாமா கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீ எங்கெங்க போறியோ அங்கெல்லாம் நானும் வாரேன். எப்படி இல்லாமப் போச்சுன்னு பாத்துருவோம்." அத்தை உள்ளேயிருந்து, "நல்லதாப் போச்சு" என்றாள். கிணற்றுத் தண்ணீர் பாட்டிலும் எங்களோடு புறப்படுகிறது.

இரண்டாம் நாள்: பாபநாசம், அப்புறம் ஒரு குளம்

அகஸ்தியர் அருவியில் தண்ணீர் கொட்டியது. குரங்குகள் மாமாவின் துண்டைக் குறிவைத்தன. அருவியைப் பற்றி எழுத எனக்கு முன்னால் ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். நான் பார்த்தது அருவி விழும் பள்ளத்தின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்த சருகுக் குவியலை.

"டைனோசர் செத்துதான பெட்ரோல் ஆச்சு?" என்று மாமா கேட்டார். இந்தக் கதையை யார் கிளப்பிவிட்டார்களோ, ஆய்வுக்கூடத்துக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகளில் பாதிப்பேர் இதையே சொல்கிறார்கள். டைனோசர் செத்தால் நாறும், நரி தின்னும், எலும்பு மிஞ்சும். அத்தோடு சரி. எண்ணெய்க்கு மூலம் கடலிலும் ஏரியிலும் மிதக்கிற, கண்ணுக்குத் தெரியாத பாசிகளும் நுண்ணுயிர்களும். ஒற்றைச் செல். அதற்குள் வெயில் காலத்துக்குச் சேமித்து வைத்த மாதிரி துளி எண்ணெய். கோடானுகோடியாய்ப் பிறந்து, சில நாளில் செத்து, அடியில் போய்ச் சேரும் கூட்டம்.

மரம், இலை, சருகு வேறு வழிக்குப் போகும். கட்டையைக் கெட்டியாக வைத்திருக்கும் லிக்னின் நிலக்கரிக்குத்தான் லாயக்கு. நெய்வேலியில் வெட்டுகிறார்களே, அந்த வழி. ஆழத்தில் வெந்தால் எரிவாயுவும் கொடுக்கும். எண்ணெய் கொஞ்சமாகத்தான். ஆகவே பொதிகையின் சருகை வைத்துக்கொண்டு பெட்ரோல் கனவு காண முடியாது என்றேன். மாமா சருகை ஒரு மிதி மிதித்தார்.

உண்மையில் சருகுக்குச் சாவு அவ்வளவு எளிதில் சேமிப்பாக மாறாது. காற்றுப் பட்டால் பூஞ்சையும் பாக்டீரியாவும் தின்று தீர்த்து, வந்த கரியமில வாயுவாகவே திருப்பி அனுப்பிவிடும். கடலிலும் அதே கதை. உண்டாகிற உயிர்ப்பொருளில் நூற்றில் ஒரு பங்குகூட மண்ணுக்குள் போய்த் தங்குவதில்லை. தங்க வேண்டுமானால் காற்றில்லாத இடம் வேண்டும். அந்த இடத்தைக் காட்டத்தான் திரும்பும் வழியில் ஒரு குளத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

அல்லிக் கொடி மண்டிய கரையோரம். இரண்டு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, வாயில் புனலைச் சொருகி, தண்ணீருக்குள்ளேயே தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டேன். டிரைவர் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டி இறங்கி, ஒரு கம்பால் அடிச்சேற்றைக் குத்தினார். பொளக், பொளக் என்று கொப்புளம். ஒவ்வொன்றும் புனலுக்குள் ஏறி, பாட்டிலில் தண்ணீரைக் கீழே தள்ளிக்கொண்டு போய் உட்கார்ந்தது. கால் மணி நேரத்தில் அரைப் பாட்டில். கரையேறி, மூடியைத் திறந்து, நீளமான பத்திக்குச்சியின் நுனியில் தீயைக் காட்டினேன். 'பப்' என்று ஒரு சத்தம். பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குப் பிடிபடாத வெளிர் நீலம் பாட்டில் வாயில் ஒரு நொடி நின்றது.

"கொள்ளிவாய்ப் பிசாசு!" டிரைவர் அண்ணன் இரண்டடி பின்னால் போனார்.

அதேதான். மீத்தேன். 1776-இல் வோல்ட்டா, மின்கலத்துக்குப் பிற்பாடு புகழ் பெற்ற அதே ஆள், இத்தாலியில் மஜ்ஜோரே ஏரிக்கரைச் சேற்றைக் குத்தி இப்படித்தான் பிடித்தார். காற்றே இல்லாத சேற்றுக்குள் வாழும் நுண்ணுயிர்கள் (பார்க்க பாக்டீரியா மாதிரி இருக்கும், ஆனால் ஜாதி வேறு, ஆர்க்கியா என்று பெயர்) மற்றவை தின்று போட்ட மிச்சத்தில் இருந்து மீத்தேன் செய்கின்றன. மீத்தேனுக்கு வாடை கிடையாது. சேற்றில் வருகிற அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. நம் வீட்டு சிலிண்டர் நாற்றமோ, கசிந்தால் தெரியட்டும் என்று கம்பெனிக்காரன் வேண்டுமென்றே கலந்தது.

இதையே மாமா வருஷக்கணக்காய் வீட்டில் எரித்திருக்கிறார். மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில் சாண எரிவாயுத் தொட்டி இருந்தது. சாணியைக் கரைத்து ஊற்றினால் இரும்புக் கொப்பரை மெதுவாக மேலே எழும்பும். நான் சின்னப் பிள்ளையில் அதன்மேல் ஏறி உட்கார்ந்து திட்டு வாங்கியிருக்கிறேன். மாடு போனதும் தொட்டியும் போயிற்று.

"அப்ப பூமிக்குள்ள இருக்க கேஸும் இதானா?"

கொஞ்சம் இதுதான். ஆழம் குறைந்த, சூடு ஏறாத படிவங்களில் இருக்கும் வாயுவில் ஒரு பங்கு இந்த நுண்ணுயிர்கள் செய்தது. மிச்சத்தைச் செய்வது சூடு. அதை நாளைக்கு அடுப்படியில் வைத்துச் சொல்கிறேன் என்றேன்.

மூன்றாம் நாள்: காருகுறிச்சிப் பானையும் பாளையங்கோட்டை அல்வாவும்

காருகுறிச்சியில் அத்தைக்கு ஒரு பானை வாங்க வேண்டியிருந்தது. சூளையில் இருந்து எடுத்து இரண்டு நாள்தான் ஆகியிருக்கும். தட்டினால் கணீரென்றது. வேளார் அம்மா, "மொத நாளு தண்ணி ஊத்திக் கீழ ஊத்திருங்க. புதுப்பானை தண்ணியக் குடிக்கும்" என்றார்.

காசு கொடுக்கிறதுக்கு முன்னால் ஒரு செம்புத் தண்ணீரை உள்ளே ஊற்றினோம். சுவர் சர்ரென்று உறிஞ்சி நிறம் மாறியது. கொஞ்ச நேரத்தில் வெளிப்புறத்தில் முத்து முத்தாக வியர்வை. நான் மாமாவிடம் கேட்டேன்: "தண்ணி இப்ப எங்க இருக்கு மாமா?"

"பானைக்குள்ள."

"சுவத்துக்குள்ளயும் இருக்கே."

எண்ணெய் பூமிக்குள் ஏரி மாதிரி தளும்பிக்கொண்டிருப்பதாகவே எல்லாரும் நினைக்கிறார்கள். அப்படி ஒரு குகை எங்கேயும் கிடையாது. மணற்கல்லில் மணிக்கும் மணிக்கும் இடையே உள்ள ஊசிமுனை இடைவெளிகளில், இந்தப் பானைச் சுவரில் தண்ணீர் இருப்பதுபோல, எண்ணெய் ஊறிப்போய் இருக்கும். இதைத் தேக்கப் பாறை என்போம். எண்ணெய் உண்டாகிற இடம் வேறு, அது தாய்ப்பாறை. இந்த இரண்டுக்கும் மேல் ஒரு மூடி வேண்டும். இடைவெளி இருந்தும் ஒன்றோடொன்று சேராத, நெருக்கமான களிப்பாறையோ உப்புப் படிவமோ. அத்தையின் ஊறுகாய் ஜாடி வியர்க்கிறதா? அந்தப் பூச்சு மாதிரி. மூடி இல்லாவிட்டால், தண்ணீரைவிட லேசான எண்ணெயும் வாயுவும் மேலே மேலே ஏறி வெளியே போய்விடும். உலகத்தில் உண்டான எண்ணெயில் பெரும்பங்கு அப்படிப் போனதுதான். காங்க்ராவில் ஜுவாலாமுகி கோயிலில் பாறை இடுக்கில் சுடர் எரிவது, அசாமில் டிக்பாயில் எண்ணெய்க் கிணறு வருவதற்கு முன்பே காட்டில் எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது, எல்லாமே மூடி சரியில்லாத பானைகள். ஜுவாலாமுகிக்கு அத்தை காசி யாத்திரையோடு போயிருக்கிறாள். "தாயார் அங்கன தீயா இருக்கா" என்று அவள் சொல்வதை நான் திருத்தப் போனதில்லை.

சாயங்காலம் பாளையங்கோட்டையில் சித்தி வீடு. ஊருக்குக் கொண்டுபோக அல்வா கிண்டுகிறாள். கடையில் வாங்கினால் ஆகாதா என்று கேட்டால், தாமிரபரணித் தண்ணீரைப் பற்றி அரை மணி நேரம் பேசுவாள். சம்பா கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பால் எடுத்து, ராத்திரி முழுக்கப் புளிக்கவிட்டு, தெளிவை இறுத்துவிட்டு, அடிப்பாலைச் சர்க்கரையோடு அடுப்பில் ஏற்றியிருந்தாள். நெய்யை ஊற்ற ஊற்றக் குடித்துக்கொண்டே போகிறது. ஒரு கட்டத்தில் குடிப்பதை நிறுத்திவிட்டு, குடித்ததைக் கக்க ஆரம்பித்தது. உருளியின் ஓரம் முழுக்க நெய் பிரிந்து மினுமினுத்தது. "இதாம்மா பதம்" என்று சித்தி கரண்டியைத் தூக்கினாள்.

நான் என் ஆய்வுக்கூடத்தில் தேடுவதும் அந்தப் பதத்தைத்தான்.

சேற்றில் புதைந்த உயிர்ப்பொருள் முதலில் எண்ணெயாவதில்லை. மேலே மேலே மண் அழுத்த, தண்ணீர் பிழியப்பட்டு, சேறு களிப்பாறையாக இறுகும்போது, செத்த பாசியின் கொழுப்பும் புரதமும் சிதைந்து ஒன்றோடொன்று சிக்கி, எதிலும் கரையாத பழுப்பு மெழுகு மாதிரி ஆகிவிடும். கெரோஜன் என்று பெயர். கோதுமைப்பால் கட்டிதட்டின நிலை என்று வைத்துக்கொள்ளலாம். கீழே போகப்போகப் பூமி சுடும். பொதுவாகக் கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி. 60, 70 டிகிரியை எட்டினதும் கெரோஜனின் நீண்ட சங்கிலிகள் அறுந்து எண்ணெய் பிரியத் தொடங்கும். 2 முதல் 4 கிலோமீட்டர் ஆழம் என்பது சாதாரணக் கணக்கு. 150-ஐத் தாண்டினால் எண்ணெயே துண்டு துண்டாக உடைந்து வாயுவாகும். அதற்கும் மேலே போனால் மீத்தேன் மட்டும். பாறைக்குள் மிஞ்சுவது வெறும் கரி.

"அதுக்கும் மேல?" சித்தியே கேட்டாள், கிண்டுவதை நிறுத்தாமல்.

அதுக்கும் மேல பென்சில். கிராஃபைட். சிவகங்கையில் வெட்டியெடுக்கிறார்களே, அது. நம் மலைப்பாறைகளில் கோண்டலைட் என்று ஒரு வகை உண்டு. ஒரு காலத்தில் களிமண்ணாகப் படிந்து, பிற்பாடு வெந்து உருமாறினது. அந்த வகைப் பாறைகளில் கிராஃபைட் செதிள்கள் கிடைக்கும். ஆக, இந்தச் சீமையிலும் எப்போதோ சேறு இருந்தது, அதில் கரியும் இருந்தது. 800 டிகிரியில் வைத்தால்?

"தீய்ஞ்சுபோச்சு" என்றார் மாமா. பாபநாசத்தில் இருந்து முதல் தடவையாக என்னோடு ஒத்துப்போனார்.

அப்புறம் சித்தி கேட்டதுதான் நல்ல கேள்வி. பூமி கோடி வருஷம் எடுத்துக்கொள்வதை உன் லேபில் எப்படி ஒரு நாளில் பார்க்கிறாய்? அடுப்பைக் கூட்டி வைத்துத்தான். ஒரு சிட்டிகைப் பாறைப்பொடியை 300 டிகிரியில் வைத்தால், ஏற்கெனவே உண்டாகித் தங்கியிருக்கிற எண்ணெய் ஆவியாகி வரும். பிறகு நிமிஷத்துக்கு 25 டிகிரியாக 650 வரை ஏற்றினால், இன்னும் வேகாத கெரோஜன் வெந்து தன் பங்கைக் கொடுக்கும். அந்த இரண்டாவது வேக்காடு எந்தச் சூட்டில் உச்சத்துக்குப் போகிறது என்பதில் இருக்கிறது சூட்சுமம். 435-க்குக் கீழே என்றால் பாறை இன்னும் பச்சை. 435-இல் இருந்து 470-க்குள் என்றால் எண்ணெய்ப் பதம். அதற்கு மேல் என்றால் பதம் தாண்டிவிட்டது. இருபது நிமிஷ வேலை. காலத்தில் குறைத்ததைச் சூட்டில் ஈடுகட்டுகிறோம். சித்தி சொன்னாள், "நாங்க அவசரத்துக்கு கேஸ் அடுப்புல கிண்டுத மாரி." அதற்கு ருசி வராது என்றும் சேர்த்துக்கொண்டாள்.

பிரிந்த நெய் எல்லாம் வெளியே வந்துவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். செக்கில் எள்ளை எவ்வளவு ஆட்டினாலும் புண்ணாக்கில் எண்ணெய் மிஞ்சும், தாய்ப்பாறையிலும் அப்படியே. அமெரிக்காவில் ஷேல் கேஸ், ஷேல் ஆயில் என்று இருபது வருஷமாக எடுப்பது அந்தப் புண்ணாக்கை உடைத்துப் பிழிவதுதான். தண்ணீரும் மணலும் ரசாயனமும் சேர்த்து உச்ச அழுத்தத்தில் பாறையைப் பிளக்க வேண்டும். குடிக்கவே தண்ணீர் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கும் ஊர்களில் அதைப் பற்றிப் பேசுவதே எனக்குப் பிடிக்காது. தொழிலில் இருந்துகொண்டே சொல்கிறேன்.

நான்காம் நாள்: கொற்கை

இன்றைக்கு எழுத அதிகம் இல்லை. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு, ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி. அதைத் தாண்டி வாழைத் தோட்டங்கள் வழியே கொற்கை. ஆதிச்சநல்லூரில் தாழிகளைப் பார்த்துக்கொண்டு வந்தோம். மாமா அங்கே வாயே திறக்கவில்லை.

கொற்கையில் பேசினார். "கடல் எங்கட்டி?"

பாண்டியர் முத்துத் துறைமுகம். இப்போது கடல் கிழக்கே சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. ஆறு கொண்டுவந்து கொட்டின மண்தான் நடுவில் நிற்பது. நாம் நின்ற வாழைத்தோப்பும் அதில் ஒன்று. குளத்துக்கரையில் மண்ணைக் கிளறினால் சிப்பி ஓடு.

இரண்டாயிரம், இரண்டாயிரத்தைந்நூறு வருஷத்தில் ஆறு இவ்வளவு செய்திருக்கிறது. ஆனால் எண்ணெய்க்கு வேண்டியது பரப்பு அல்ல, தடிமன். கிலோமீட்டர் கணக்கில் மண் மேல் மண்ணாக அடுக்க வேண்டும். அடியில் உள்ள தரை அதற்கேற்பக் கீழே இறங்கிக்கொண்டே போக வேண்டும். காவிரிப் படுகையில் அது நடந்தது. கோண்டுவானா என்ற பழைய பெருநிலம் உடைந்து இந்தியா பிரிந்தபோது கிழக்குக் கரையோரம் தரை பிளந்து பள்ளமாகி, பத்துக் கோடி வருஷத்துக்கும் மேலாக மண் நிரம்பியது. அதனால்தான் நரிமணத்தில் எண்ணெய், ராமநாதபுரத்தில் வாயு. அந்தப் பள்ளத்தின் தெற்குக் கை மன்னார் வளைகுடாவுக்குள் நீள்கிறது. இலங்கைப் பக்கத்து மன்னார்ப் படுகையில் 2011-இல் டொராடோ, பாராகுடா என்ற இரண்டு கிணறுகளில் வாயு கண்டுபிடித்தார்கள்.

"அப்ப சுத்தி எல்லாவனுக்கும் இருக்கு. நமக்கு மட்டும் கல்லு."

ஆமாம் மாமா. ராமநாதபுரம் வாயு மட்டும் குழாயில் நம் பக்கம் வருகிறது. 143 கிலோமீட்டர், தூத்துக்குடி வரைக்கும். 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். இன்னொன்றும் சொன்னேன், கொஞ்சம் கொடூரம்தான்: உம்ம கிணற்றிலேயே பெட்ரோல் பொங்கியிருந்தாலும் அது உமக்குச் சொந்தமில்லை. இந்த நாட்டில் நிலம் நம்முடையது, பூமிக்குள் இருக்கும் எண்ணெய் அரசாங்கத்துடையது. நிலத்தை எடுத்துக்கொள்வதற்கு ஏதோ நஷ்டஈடு கிடைக்கும். 2017-இல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டம் வேண்டாம் என்று ஜனங்கள் ஏன் மாதக்கணக்கில் பந்தலில் உட்கார்ந்தார்கள் என்று நினைக்கிறீர்?

மாமா வெகுநேரம் பேசவில்லை. திருச்செந்தூர் வரும்போது கிணற்றுத் தண்ணீர் பாட்டிலை ஜன்னல் வழியே சாய்த்து ஊற்றிவிட்டார். காலிப் பாட்டிலைப் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள்: தேரியில் சிவப்பு, புன்னைக்காயலில் கறுப்பு

காலையில் தேரிக்குடியிருப்பு. கற்குவேல் அய்யனாரைக் கும்பிட்டுவிட்டு மணல்மேட்டில் ஏறினோம். கண்ணுக்கெட்டிய தூரம் குங்குமத்தைக் கொட்டின மாதிரி. இடையிடையே பனை, முந்திரி. எட்டு மணிக்கே கால் சுட்டது.

எங்கள் தொழிலில் நிறத்துக்கு மரியாதை உண்டு. கிணற்றில் இருந்து சிவப்புத் துகள் வந்தால் அடுப்பைப் பற்ற வைக்கவே யோசிப்பேன். மணலில் உள்ள இரும்பு துருப்பிடித்தால்தான் இந்தச் சிவப்பு. துருப்பிடிக்கக் காற்று வேண்டும். காற்று இருந்த இடத்தில் உயிர்ப்பொருள் தங்கியிருக்காது, எரிந்துபோயிருக்கும். தேரி என்பது காற்று முழுதாகப் புகுந்து விளையாடின நிலம். கறுப்பு வந்தால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவேன்.

மதியம் புன்னைக்காயல். ஆறு இங்கே கிளைகளாகப் பிரிந்து, ஆறா கடலா என்று தெரியாதபடி சோம்பி நிற்கிறது. ஒரு பரதவ அண்ணன் வள்ளத்தில் அலையாத்திக் காட்டோரம் கொண்டுபோய் விட்டார். வற்றமான நேரம். வேர்கள் விரல் விரலாகச் சேற்றிலிருந்து எட்டிப் பார்த்தன. இறங்கினால் முழங்கால் வரை போகிறது. மாமா வள்ளத்திலேயே இருந்துகொண்டார்.

நான் குனிந்து கையைத் தோள்வரை விட்டேன். மேலே ஒரு விரற்கடை பழுப்பு. அதற்குக் கீழே மையாய்க் கறுப்பு. பழுப்பு முடிகிற இடத்தில் காற்று முடிகிறது. வெளியே எடுத்த கைப்பிடிச் சேறு வெண்ணெய்போல் வழுவழு. மூக்குக்கு அருகே கொண்டுபோனால் அழுகிய முட்டை. அந்தக் கறுப்பு இரும்பும் கந்தகமும் சேர்ந்த சல்ஃபைடு. காற்றில்லாத சேற்றில் பாக்டீரியாக்கள் கடல்நீரின் சல்ஃபேட்டை மூச்சாகப் பயன்படுத்தி விட்ட மிச்சம். பிதுக்கினபோது உள்ளே ஒரு அலையாத்தி இலை. பச்சை போய்விட்டது. நரம்புகள் ஒன்றுவிடாமல் இருந்தன, யாரோ வரைந்து வைத்த மாதிரி. மேலே விழுந்திருந்தால் நண்டு தின்றிருக்கும்.

தொட்டுப் பார்க்க மாமாவுக்கு நீட்டினேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே வாங்கி, விரலில் தேய்த்தார்.

"இதான் அது?"

இது பச்சை மாவு. பாசி இதில் குறைவு, இலை ஜாஸ்தி. வெந்தால் வாயுப் பக்கம் சாயும். அதுவும் வெந்தால். முதலில் இதற்குமேல் இரண்டு மூன்று கிலோமீட்டர் மண் ஏற வேண்டும், தரை இறங்க வேண்டும், நடுவில் கடல் பின்வாங்கிக் காற்றுப் படாமல் இருக்க வேண்டும், பக்கத்தில் ஒரு மணற்கல் வேண்டும், அதற்கு மேல் மூடி. இதில் ஒன்று தவறினாலும் பொளக் என்று ஒரு கொப்புளத்தோடு முடிந்தது. வள்ளக்கார அண்ணன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே துடுப்பால் சேற்றை ஒரு தள்ளு தள்ளினார். இரண்டு கொப்புளம் வந்தன.

"எவ்வளவு வருஷம் ஆகும்மா?" அவர்தான் கேட்டார்.

"கோடிக்கணக்குல, அண்ணே."

"அப்ப நமக்கு மீனு போதும்" என்று துடுப்பை எடுத்தார்.

கரைக்கு வரும்போது மாமா காலிப் பாட்டிலை எடுத்து, கையாலேயே அள்ளி அள்ளி, கறுப்புச் சேற்றைக் கழுத்துவரை அடைத்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. நாங்குநேரி வரை வண்டியில் கண்ணாடியை இறக்கிக்கொண்டே வந்தோம்.

மறுநாள்: ரயிலில்

திண்டுக்கல் தாண்டும்போது போன்.

"ஏட்டி, சேறு நிறம் மாறுதே. மேல ஒரு இஞ்சு பழுப்பாயிட்டு. அடில கறுப்பாத்தான் இருக்கு."

"பாட்டில் மூடிய இறுக்கி மூடினீங்களா மாமா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு தூரத்தில் அத்தையின் குரல்: அந்த நாத்தத்த வெளிய வைக்கப் போறியளா இல்லியா.

"அவதான் தொறந்து பாத்திருக்கா" என்றார் மாமா.